ஆற்றைத் தேடிப் போன மருந்துச்சாலை

எங்கள் சமண மரபில் தானம் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி. அந்நாளைய சமணப் புலவர்கள் நூலுக்கே மருந்தின் பெயரை வைத்தார்கள். காரியாசான் செய்த சிறுபஞ்சமூலமும், கணிமேதாவியார் செய்த ஏலாதியும் அப்படிப் பெயர் பெற்றவைதான். ஆனால் மருந்து இருந்தால் மட்டும் போதுமா? நோயாளி கைக்குப் போய்ச் சேர வேண்டாமா? நான் வியாபாரி. கிடங்கிலேயே கிடக்கிற சரக்கால் யாருக்கு லாபம் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

அசாமில் பிரம்மபுத்திரா இந்தக் கணக்கைப் பெரிசாகவே போட்டுக் காட்டியது. ஆற்றின் நடுவே மணல் திட்டுகள். கீழ் அசாமில் 'சார்' என்பார்கள், மேல் அசாமில் 'சாப்பரி'. 2002-03 கணக்கெடுப்பின்படி அவற்றில் வாழ்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். 1950 ஆகஸ்ட் 15-ஆம் நாள் வந்த பெரும் நிலநடுக்கத்தில் மலைகள் சரிந்து, மண்ணெல்லாம் ஆற்றில் இறங்கிப் படுகை உயர்ந்தது. வெள்ளமும் கரை அரிப்பும் கூடின. இந்த வருஷம் நெல் விளைந்த திட்டு அடுத்த வருஷம் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் ஆரம்ப சுகாதார நிலையத் திட்டத்தை முன்வைத்தது. 1952 முதல் நாடெங்கும் அந்த நிலையங்கள் வந்தன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது பின்னால் வந்த அளவு. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அசையாத நிலத்துக்குப் போட்ட கணக்கு. நிலமே கரைந்து போகிற இடத்தில் கட்டடம் எங்கே நிற்கும்? பிரசவ வலி கண்ட பெண் படகு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2004-06-இல் அசாமில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 480 தாய்மார் இறந்தார்கள். இந்திய சராசரி 254, தமிழ்நாட்டில் 111.

அப்போதுதான் பத்திரிகையாளர் சஞ்சய் ஹசாரிகாவின் வடகிழக்கு ஆய்வு மையம் கணக்கைத் திருப்பிப் போட்டது. நோயாளி வர முடியாவிட்டால் மருத்துவமனை போகட்டும்! 2005-இல் திப்ருகரில் முதல் படகு தயாரானது. பெயர் 'ஆக்கா', அசாமிய மொழியில் நம்பிக்கை என்று பொருள். டாக்டர், நர்ஸ், மருந்தாளர், ரத்தம் சோதிப்பவர் எல்லோரும் அதிலேயே போனார்கள். திட்டில் முகாம் போட்டு, கர்ப்பிணிகளைப் பார்த்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2008-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் கைகோத்தது. படகுகள் 15 வரை பெருகின.

2018-20-இல் அந்த 480 என்பது 195 ஆகக் குறைந்தது. படகு ஒன்றாலேயே வந்த பலன் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம், 'ஆஷா' ஊழியர் எல்லாம் சேர்ந்த பலன். ஆனாலும் அப்போதைய இந்திய சராசரி 97-தான். அசாம் அதைப்போல் இரண்டு மடங்கு. வேலை பாக்கி இருக்கிறது.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் சங்கம் நடத்தும் இலவச மருத்துவ முகாமை எப்போதும் மண்டபத்திலேயேதான் வைக்கிறோம். வர முடியாதவர் இருக்கிற இடத்துக்கு ஒரு தரமாவது நாமே போனால் என்ன? தேடிப்போய்க் கொடுப்பதுதானே மருந்து தானம்!