கதவடைத்த காலத்துக் கல்வி

ஊழிப் பெருவெள்ளத்திலும் அழியாது நின்ற ஊர் எனப் பெண்ணாடத்தைப் பற்றிப் பழங்கதை ஒன்று வழங்குகிறது. அவ்வூர்க் கோயில் தாங்கி நிற்கும் பிரளயகாலேசுவரர் என்னும் பெயரும் அதையே நினைவூட்டும். வெள்ளாற்றங்கரையின் அச்சிற்றூரையும் உலகனைத்தையும் 2020ஆம் ஆண்டில் சூழ்ந்த கொரோனாக் கொள்ளைநோயோ நீரில்லாப் பிரளயம். அதில் மூழ்கியவற்றுள் பள்ளிக்கூடமும் ஒன்று.

2020 மார்ச்சில் அடைக்கப்பட்ட தமிழகப் பள்ளிகள் உயர் வகுப்பினருக்கு இடையிடையே திறந்தன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்பினருக்கோ 2021 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் கதவு திறந்தது. முதல் வகுப்பில் வீடு சென்ற குழந்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகத் திரும்பி வந்தது. இரண்டாம் வகுப்பின் வாசலை அது மிதிக்கவேயில்லை.

வசதியுள்ள வீட்டில் கைப்பேசி ஆசிரியராயிற்று. கூலி வேலைக்குச் செல்வோர் வீட்டுப் பிள்ளைக்கோ எழுத்தும் பள்ளியிலே; மதிய உணவும் பள்ளியிலே; பெற்றோர் திரும்பும் வரை காவலும் பள்ளியே. ஒரு கதவு அடைபட, மூன்றும் ஒருங்கே அடைபட்டன.

இம்மூன்றையும் பிரிக்கலாகாது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். மம்லூக் சுல்தான்கள் காலத்து மிஸ்ரு நாட்டில், யத்தீம் பிள்ளைகளுக்கென வக்ஃபு செய்யப்பட்ட மக்தபுகள் குர்ஆனையும் எழுத்தையும் கற்பித்ததோடு உணவும் உடையும் வழங்கின. நம் சென்னையில் 1920ஆம் ஆண்டு, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிட்டார் சர் பிட்டி தியாகராயர். 1956இல் காமராசரும், 1982இல் எம்.ஜி.ஆரும் அதனைத் தமிழகமெங்கும் பரப்பினர்.

அம்மரபே கொள்ளைநோய்க் காலத்தில் ஓரளவு கைகொடுத்தது. சமைத்த சோற்றுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் மாணவர் வீடுகளுக்குச் சென்றன. நோய்க்குப் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த பிள்ளையின் பெயரில் ஐந்து லட்சம் ரூபாய் வைப்பு நிதியாக இடப்படும் என 2021 மே மாதம் அரசு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மரக்காணம் பகுதியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிற்று. முதற்கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களுள் பெண்ணாடம் அமைந்த கடலூரும் ஒன்று. அந்தந்தத் தெருவின் தன்னார்வலர், சுமார் இருபது பிள்ளைகளை மாலை வேளையில் கூட்டி வைத்து, விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக் கொடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

இதை எழுதுகையில் நம் நெஞ்சும் நம்மைச் சுடாமலில்லை. நாமும் மக்தபைப் பூட்டிச் சென்றவர்களே. ஓதிக் கொடுக்க ஆளில்லாத வீடு எது, அடுப்பு எரியாத வீடு எது என்று பூட்டுமுன் நாம் கேட்டோமில்லை. மீண்டும் திறந்தபோது, அலிஃப், பே கூட மறந்த பிள்ளைகள் நம் முன் வந்து அமர்ந்தனர். சிலர் வரவேயில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யத்தீமாய் வளர்ந்தவர்கள். அவர்தம் உம்மத்தாகிய நாம், ஒவ்வொரு மஹல்லாவிலும் யத்தீம், ஏழைப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை இன்றே எழுதி வைத்தல் வேண்டும். எப்பிள்ளைக்கு எவர் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். இனி ஒருகால் கதவுகள் அடைபடுமாயின், பிள்ளையைத் தேடி ஆசிரியர் செல்ல அந்தப் பட்டியலே வழி காட்டும்.