படி ஏறாமலே பெரிய கோயில்

சுற்றுலா என்றாலே நம்ம குழுக்களில் வயசான அக்காமார், "நாங்க வேன்லயே இருக்கோம், நீங்க பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அது வேண்டாம் சகோதரிகளே.

இராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த கோயில் இது. சுமார் 216 அடி விமானத்தைக் கீழே நின்றே பார்க்கலாம். சாமி கும்பிடத்தான் படி ஏறணும். பிரகாரம் சமமாக இருக்கும். ஆனா வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது, காலையிலேயே போயிடணும். முட்டிவலிக்கார என் மாமியார் சுற்று மாளிகை நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்தே முழுக்க சுற்றி வந்தார்.

நமக்கு முக்கியம் கல்வெட்டுதான். விமானத்தின் அடியிலும் தூணிலும் மதிலிலும் நம்ம பதிவேடு மாதிரியே வரவு செலவு. எழுத்து பழசு, விவரம் தெரிஞ்சவங்க சொன்னால் புரியும். அரசனின் அக்கா குந்தவை கொடுத்த பொன், நகை எல்லாம் எடையோடு இருக்கு. அவர் போட்ட காசை ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்திருக்காங்க. ஒரு காசுக்கு வருஷ வட்டி அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை! நம்ம சங்க வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு விளக்கு எரிய 96 ஆடு; அதுக்குத் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கணும்.

கோயிலில் ஆடிய பெண்கள் 400 பேர். ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல். ஒவ்வொருத்தி பேரும் இருக்கு, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரைக்கும்.