பெயர்ப்பட்டியலின் வரிசை மாறுவது ஏன்? ஷெல்லின் தொடக்கக் கோப்புகள்

ஷெல் என்றால் எங்கள் சனத்துக்கு முதலில் ஞாபகம் வருவது வானத்தால் வந்து விழுந்ததுதான். இங்கே சொல்லப்போவது கணினியின் ஷெல்லை: தட்டச்சுச் செய்யும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல். லினக்ஸில் அது பெரும்பாலும் பாஷ். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்டது.

ஓட்டமாவடியில் நாங்கள் சிலர் காணாமல்போனவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பேணிவருகிறோம். பாலத்தின் இரண்டு பக்கத்துப் பெயர்களும் அதில் உண்டு. அகரவரிசைப்படுத்தும் ஸ்கிரிப்டை நான் கையால் ஓட்டினால், உதாரணத்துக்கு, கமலா முன்னும் கனகம்மா பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம்தானே கடைசி. இரவில் கிரான் தானாக ஓட்டினால் கனகம்மா முன்னுக்குப் போய்விடும். யூனிகோட் எண்வரிசையில் ‘ந’வுக்கு அடுத்ததே ‘ன’. அச்சடித்த தாளில் விரல் வைத்துத் தேடும் தாய்க்கு, இருக்கவேண்டிய இடத்தில் பிள்ளையின் பெயர் இல்லையென்றால் எப்படியிருக்கும்?

கணினியும் ஒன்று, ஸ்கிரிப்டும் ஒன்று. ஷெல் எதைப் படித்துவிட்டுத் தொடங்குகிறது என்பதுதான் வேறு.

கடவுச்சொல் கொடுத்து உள்நுழையும்போது பாஷ் முதலில் கணினி முழுவதற்குமான ப்ரொஃபைல் கோப்பைப் படிக்கும். பிறகு உங்கள் வீட்டு அடைவில் பாஷ்_ப்ரொஃபைல், பாஷ்_லாகின், ப்ரொஃபைல் என்ற ஒழுங்கில் தேடி, முதலில் அகப்படும் ஒன்றை மட்டும் படிக்கும். மற்ற இரண்டையும் திரும்பியும் பாராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: புதிதாக ஒரு பாஷ்_ப்ரொஃபைலை உருவாக்கினால் பழைய ப்ரொஃபைல் இருந்தும் இல்லாததுபோல.

ஏற்கெனவே உள்நுழைந்தவர் டெர்மினல் சாளரம் திறந்தால் பாஷ்ஆர்சி படிக்கப்படும். (‘ஆர்சி’ என்பது 1960களில் எம்.ஐ.டி. கணினியில் இருந்த ‘ரன்காம்’ வழி வந்த பெயர்.) எங்கள் கணினியில் மொழி அமைப்பு இருப்பது இதில்தான். கிரான் ஓட்டும் ஷெல்லோ உள்நுழைவதுமில்லை, ஆளோடு பேசுவதுமில்லை. இந்தக் கோப்புகளில் ஒன்றையும் அது தொடாது. உபுண்டு தரும் பாஷ்ஆர்சியின் தலையிலேயே, ஆளில்லாவிட்டால் திரும்பிப்போ என்று எழுதியிருக்கும்.

மாக் கணினிகளில் 2019 முதல் இயல்பான ஷெல் இசட்ஷெல். அதன் இசட்ஷென்வ் கோப்பு மட்டும் ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கப்படும்.

ஆகவே, தானாக ஓடவேண்டிய ஸ்கிரிப்டுக்குத் தேவையான மொழி அமைப்பை அந்த ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள். எழுதுமுன், இலங்கைத் தமிழ் அமைப்பு கணினியில் நிறுவப்பட்டிருக்கிறதா என்று ‘லோகேல்’ கட்டளையால் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஷெல் ஒரு எச்சரிக்கையோடு பழைய எண்வரிசைக்கே போய்விடும்; நள்ளிரவில் அந்த எச்சரிக்கையைப் பார்க்க ஆளிராது.