எண்டூரோ: 128 பைட்டுக்குள் ஒரு கார்ப் பந்தயம்

எண்டூரோ என்பது அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட கார்ப் பந்தய நிகழ்பட ஆட்டம் ஆகும். அட்டாரி 2600 என்னும் வீட்டுக் கன்சோலுக்காக இது உருவாக்கப்பட்டது. கன்சோலைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, கார்ட்ரிட்ஜைச் செருகி, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். ஆட்டத்தை வடிவமைத்தவர் லாரி மில்லர். இந்தப் பெயரை நாம் இன்று இவ்வளவு எளிதாக எழுத முடிவதற்குப் பின்னால் ஒரு சச்சரவு உண்டு. சில ஆண்டுகள் முன்பு வரை, அட்டாரி கன்சோலின் ஆட்டம் எதையும் யார் எழுதினார் என்பதை வாங்குபவர் அறிய வழியே இல்லை.

ஆட்டத்தின் போக்கு

எண்டூரோ என்பது நெடுநேரம் ஓட்டித் தாக்குப்பிடிக்க வேண்டிய பந்தய வகையைக் குறிக்கும் சொல். பிரான்சில் 1923 முதல் நடந்துவரும் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் இவ்வகையில் புகழ்பெற்றது. மில்லரின் ஆட்டமும் வேகத்தைவிடத் தாக்குப்பிடிப்பதையே சோதிக்கிறது. முதல் நாளில் 200 கார்களை முந்த வேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு நாளிலும் 300 கார்கள். பொழுது முடிவதற்குள் எண்ணிக்கை நிறைவடையாவிட்டால் ஆட்டம் முடிந்தது.

பொத்தானை அழுத்தினால் வேகம் கூடும். ஜாய்ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தால் பிரேக். இன்னொரு காரின்மீது மோதினால் வெடிப்பதோ உயிர் போவதோ இல்லை. அக்கால ஆட்டங்களில் வழக்கமாக இருந்த மூன்று உயிர்க் கணக்கே இதில் கிடையாது. மோதினால் வேகம் சட்டென்று விழும். முந்திவந்த கார்கள் நம்மைத் தாண்டிப் போகும். முந்த வேண்டிய எண்ணிக்கை மீண்டும் ஏறும். இழப்பது நேரம் மட்டுமே. அந்த நேரத்தைத் திரும்பப் பெறுவதுதான் கடினம்.

ஒரு நாள் என்பது இங்கே சில நிமிடங்கள்தாம். அதற்குள் பகல் வெளிச்சம் வரும், தரை வெளுத்து உறைபனி வரும், அப்போது கார் சறுக்கும், அந்தி சிவக்கும், இருள் கவியும். இரவில் எதிரே உள்ள கார்களின் உருவம் தெரியாது, பின்விளக்குகள் இரண்டு மட்டுமே தெரியும். மூடுபனியில் மிக அருகில் வந்த பிறகே கார் கண்ணுக்குப் படும். பிறகு விடியல். ஒரே சாலையில் காலம் மாறிக்கொண்டே இருப்பதுதான் அன்று ஆடியவர்களைக் கவர்ந்தது.

கருவி எப்படிப்பட்டது?

இங்கே மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1977-இல் விற்பனைக்கு வந்த அட்டாரி 2600-இன் தற்காலிக நினைவகம் மொத்தம் 128 பைட். கிலோபைட் அல்ல, வெறும் பைட். திருக்குறளின் முதற்குறள் ஒன்றை இடைவெளிகளுடன் இன்றைய யூனிக்கோடு யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஏறக்குறைய 120 பைட் ஆகிறது. ஒரு குறளை வைத்தால் நிரம்பிவிடும் இடத்தில்தான் கார் இருக்கும் இடம், வேகம், மீதி எண்ணிக்கை, நாள், வானிலை எல்லாம் நினைவில் நிற்க வேண்டும். ஆட்டத்தின் நிரலும் படங்களும் கார்ட்ரிட்ஜில் உள்ள 4 கிலோபைட்டுக்குள் அடங்கின.

திரைப்படத்தை முழுதாக நினைவகத்தில் வரைந்து வைத்துக் காட்டுவது இன்றைய கணினியின் வழக்கம். 128 பைட்டில் அது நடவாது. ஆகவே தொலைக்காட்சியின் மின்னணுக் கற்றை திரையில் ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே ஓடும்போதே, அந்தந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரல் உடனுக்குடன் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கைத்தறியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். நெசவாளர் சேலையை முழுதாகத் தூக்கி வைப்பதில்லை. ஊடு நூல் ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பூவும் கரையும் வருகின்றன. இங்கே தறி நிற்காது என்பதுதான் வேறுபாடு. ஒரு வரிக்குக் கிடைப்பது செயலியின் 76 துடிப்புகள் மட்டும். ஒரு கட்டளைக்கே இரண்டு முதல் ஏழு துடிப்புகள் வரை செலவாகும். இப்படி ஏறத்தாழ 192 வரிகள். விநாடிக்கு 60 முறை. கற்றை கீழே முடித்துவிட்டு மேலே திரும்பும் சிறு இடைவெளியில்தான் மோதல், வேகம் போன்ற கணக்குகளைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வரைவதற்குக் கருவி தந்த பொருள்களும் கொஞ்சம்தான்: எட்டுப் புள்ளி அகல உருவங்கள் இரண்டு, குண்டுகள் இரண்டு, ஒரு பந்து, முரட்டுக் கட்டங்களால் ஆன ஒரு பின்னணி. பந்தடி ஆட்டமும் பீரங்கி வண்டிச் சண்டையும் ஆடுவதற்காகவே இப்படி அமைத்திருந்தார்கள். தொடுவானம் நோக்கிக் குறுகி வளையும் சாலை அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. 1977-இல் கன்சோலுடன் வந்த இண்டி 500 என்ற பந்தய ஆட்டம், பாதையை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரே திரையில் காட்டியது. காசு போட்டு ஆடும் ஆர்கேடு பொறிகளில் 1976-இல் வந்த நைட் டிரைவர், ஓட்டுபவரின் பார்வையைக் காட்டியது. ஆனால் சாலையை வரைய முடியாததால் இரவு என்று சொல்லி ஓரக்கம்பங்களை மட்டும் வெள்ளைக் கட்டங்களாகக் காட்டியது. அதில் தெரிந்த கார், திரைமீது ஒட்டிய அச்சுப் படம்!

மில்லரின் சாலை உண்மையிலேயே வளைந்தது. ஒவ்வொரு வரியிலும் விளிம்பைச் சிறிது பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே வந்தால் கண்ணுக்கு வளைவாகத் தெரியும். பருவ மாற்றத்தில்தான் அவருடைய சாமர்த்தியம் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. இந்தக் கருவியில் படத்தை மாற்றுவது கடினம்; நிறத்தை மாற்றுவது மலிவு, நிறத்துக்கான எண் ஒன்றை மாற்றினால் போதும். பச்சைத் தரை வெள்ளையானால் பனி, கறுப்பானால் இரவு.

பெயர் போடாத நிறுவனம்

அக்காலத்தில் ஓர் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் ஒருவரே பொறுப்பு. கருத்து, நிரல், படம், ஓசை எல்லாம் அவர் வேலை. ஆனால் அட்டாரி கார்ட்ரிட்ஜில் அவர் பெயர் வராது. 1976-இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அட்டாரியை வாங்கியிருந்தது. பின்னர் தலைமைப் பொறுப்புக்கு வந்த ரே கசார், ஜவுளித் தொழிலிலிருந்து வந்தவர். டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி கப்லன் ஆகிய நால்வரும், தாங்கள் எழுதிய ஆட்டங்கள் நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பங்கு வகிப்பதை அறிந்து, பெயரும் விற்பனையில் பங்கும் கேட்டார்கள். கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் தொழிலாளியைவிட நீங்கள் எவ்வகையிலும் முக்கியமானவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் வந்ததாகக் கிரேன் பின்னாளில் கூறியிருக்கிறார். பொருத்தும் தொழிலாளியின் உழைப்பும் மதிப்புள்ளதே. ஆனால் அதைச் சொல்லி இன்னொருவர் பெயரை மறைப்பது நியாயமாகாது.

நால்வரும் வெளியேறி, இசைத்தட்டுத் துறையில் பணியாற்றிய ஜிம் லெவியுடன் சேர்ந்து 1979-இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினர். கன்சோலைச் செய்யாமல், பிறர் செய்த கன்சோலுக்கு ஆட்டம் மட்டும் விற்ற முதல் நிறுவனம் அது. அட்டாரி வழக்குத் தொடுத்தது; 1982-இல் உரிமத்தொகை ஏற்பாட்டுடன் அது சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையே அட்டாரியிலேயே இருந்த வாரன் ராபினெட், 1980-இல் வெளியான அட்வென்சர் ஆட்டத்தின் மறைவான அறை ஒன்றில் தன் பெயரை யாருக்கும் சொல்லாமல் எழுதி வைத்தார்.

ஆக்டிவிஷனில் மறைக்க வேண்டியிருக்கவில்லை. எண்டூரோவுடன் வந்த சிறு கையேட்டில் லாரி மில்லர் தன் பெயரிலேயே ஆடுபவருக்குக் குறிப்புகள் தந்தார். ஐந்து நாள் தாக்குப்பிடித்து ஓட்டியவர்களுக்குத் திரையில் பரிசுக் கோப்பை தோன்றும். அதைப் புகைப்படம் எடுத்து அஞ்சலில் அனுப்பினால் 'ரோடுபஸ்டர்ஸ்' என்ற துணிச் சின்னம் வீடு தேடி வரும். படச்சுருளைக் கழுவி அச்சிடும் வரை படம் சரியாக விழுந்ததா என்றே தெரியாத காலம் அது.

சரிவும் அதன் பின்பும்

எண்டூரோ வெளியான ஆண்டிலேயே அமெரிக்க நிகழ்பட ஆட்டச் சந்தை சரியத் தொடங்கியது. 1983-இல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த வணிகம், 1985-இல் 10 கோடி அளவுக்கு வீழ்ந்ததாகக் கணக்கிடுகிறார்கள். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று ஆக்டிவிஷன் திறந்துவிட்ட கதவுதான். யாரும் ஆட்டம் செய்து விற்கலாம் என்றானதும், திறமையற்ற பலரும் நுழைந்து கடைகளைத் தரமற்ற கார்ட்ரிட்ஜ்களால் நிரப்பினர். நால்வரின் கோரிக்கை நியாயமானது என்பதை இது மாற்றிவிடாது. ஆனால் வரலாறு எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முப்பது ஆண்டுகள் கழித்து எண்டூரோ எதிர்பாராத இடத்தில் மீண்டும் தோன்றியது. 2013 டிசம்பரில் லண்டனின் டீப்மைண்ட் ஆய்வாளர்கள், திரையின் புள்ளிகளையும் மதிப்பெண்ணையும் மட்டும் கொண்டு தானே ஆடக் கற்கும் நிரல் ஒன்றைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டனர். அட்டாரி 2600-இன் ஏழு ஆட்டங்களில் அதைச் சோதித்தார்கள். பிரேக்அவுட், பாங், எண்டூரோ ஆகிய மூன்றில் அது மனிதரை விஞ்சியது. எண்டூரோவில் சுமார் இரண்டு மணி நேரம் பழகிய மனிதர் எடுத்தது 368. நிரலின் சராசரி 470. அதாவது முதல் நாளின் 200 கார்களைக் கடந்து, இரண்டாம் நாள் முடிய இன்னும் முப்பது கார்கள் பாக்கி.