சுகர் இருப்பவர்களைத் துரத்தும் 'மன உளைச்சல்'... அறிகுறிகள் என்ன? என்ன செய்யலாம்?

"சுகர் எவ்வளவு இருக்கு?" சர்க்கரை நோய் இருப்பவர்களிடம் டாக்டர், வீட்டார், சொந்தக்காரர்கள் என எல்லோருமே கேட்கும் கேள்வி இது. "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பவர்கள் ரொம்பவே குறைவு. ஆனால், இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால், முதல் கேள்விக்கான பதிலும் மோசமாகலாம்.

இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்கும், அங்குள்ள வெள்ளையர்களைவிட டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து 2 முதல் 4 மடங்கு அதிகம். இத்தனை பேர் சுமக்கும் மனபாரம் பற்றி விரிவாகப் பார்க்கலாம்.

நீரிழிவு மன உளைச்சல் என்றால் என்ன?

மாத்திரை, ஊசி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, ரத்தப் பரிசோதனை... இதில் எதற்குமே லீவு கிடையாது. இப்படி நோயை தினமும் கவனித்துக்கொள்வதால் வரும் சலிப்பு, பயம், குற்ற உணர்வு ஆகியவற்றைத்தான் மருத்துவர்கள் 'நீரிழிவு மன உளைச்சல்' என்கிறார்கள். இதை அளவிட 20 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 1995-லேயே வெளியிட்டனர்.

இந்த உளைச்சலை 4 வகையாகப் பிரிக்கிறார்கள்.

• நோயே வாழ்க்கையை ஆள்கிறது என்ற பாரம்
• "நான் சரியாகக் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற குற்ற உணர்வு
• டாக்டர் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்ற ஆதங்கம்
• வீட்டில் ஆதரவு இல்லை என்ற வருத்தம்

டிப்ரஷனும் இதுவும் ஒன்றா?

இல்லை. மன உளைச்சல் என்பது சுகரைச் சுற்றியே இருக்கும். டிப்ரஷன் எனும் மனச்சோர்வு வாழ்க்கை முழுவதையும் பாதிக்கும். 2 வாரங்களுக்கு மேலாக எதிலும் ஆர்வம் இல்லாமல் இருப்பது, தூக்கம், பசி மாறுவது, எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுவது ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு அதிகம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

நம்ம ஊரில் ஏன் வெளியே தெரிவதில்லை?

தெற்காசியாவில் பலர் மனக்கஷ்டத்தை உடம்பின் மொழியில்தான் சொல்கிறார்கள். "நெஞ்சு படபடங்குது", "உடம்பெல்லாம் அசதி", "ஒரே டென்ஷன்" என்பார்கள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரில் வசித்த பஞ்சாபியர்கள், தங்கள் வேதனையை 'இதயம் அமிழ்கிறது' என்ற பொருளில் சொல்வதை 1989-ல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. டாக்டர் இசிஜி எடுத்து "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டால், மனசில் இருப்பது அப்படியே தங்கிவிடுகிறது.

அடுத்த காரணம், மறைத்தல். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று, டைப் 1 சர்க்கரை நோய் உள்ள இளம்பெண்கள் இன்சுலினை மறைத்துப் போட்டுக்கொள்ளும் நிலை இன்னும் இருக்கிறது. இன்சுலின் என்றாலே 'கடைசிக் கட்டம்' என்ற தவறான எண்ணமும் பயத்தைக் கூட்டுகிறது.

சாப்பாடும் ஒரு சிக்கல்தான். விசேஷ வீட்டில் "ஒரு லட்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஊட்டிவிடுவதும் சொந்தக்காரர்கள்தான். சுகர் ஏறினால் "வாயைக் கட்டத் தெரியலை" என்று திட்டுவதும் அவர்களேதான். வீட்டுக்கே சமைக்கும் பெண்களுக்கோ, தனக்கென்று தனியாகச் சமைக்க நேரமும் இருப்பதில்லை, மனமும் வருவதில்லை.

மனசு சுகரை எப்படி ஏற்றுகிறது?

தொடர்ந்து டென்ஷனில் இருக்கும்போது உடலில் கார்டிசால் உள்ளிட்ட ஹார்மோன்கள் அதிகம் சுரக்கும். இவை ரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும். சலிப்பில் மாத்திரையைத் தவறவிடுவது, நடப்பதை நிறுத்துவது, தூக்கம் கெடுவது ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். சுகர் ஏறியதைப் பார்த்ததும் மனசு இன்னும் உடையும். இது ஒரு சுழற்சி.

சிகிச்சையில் பலன் உண்டா?

உண்டு. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய 4 இடங்களில் உள்ள சிகிச்சை மையங்களில் 404 பேரிடம் ஆய்வு நடந்தது. எல்லோருமே மனச்சோர்வும், கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு, தொடர்ந்து பேசி விசாரிக்க ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரும், அவருக்குப் பின்னால் மனநல மருத்துவரும் சுகர் மருத்துவரும் இருந்தனர்.

2 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சுகர், பிபி, கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது குறைந்தவர்கள் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 57.4%. கூட்டுச் சிகிச்சை பெற்ற பிரிவில் 71.6%. இந்த முடிவுகள் 2020-ல் வெளியாகின.

என்ன செய்யலாம்?

• அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் நேராகவே சொல்லுங்கள்: "மாத்திரை போடவே சலிப்பா இருக்கு, மனசு சரியில்லை".
• திடீர் நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் பதற்றம்தான் என்று நினைத்துவிட வேண்டாம். சுகர் இறங்கியிருக்கலாம். முதலில் அளவைப் பாருங்கள்.
• பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அசதி தொடர்ந்தால், பி12, தைராய்டு பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.
• மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்த வேண்டாம்.
• எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயலாமல், இந்த வாரம் ஒரு மாற்றம் என்று தொடங்குங்கள்.

குடும்பத்தினருக்கு...

ரீடிங்கைப் பார்த்துத் திட்டுவதால் சுகர் இறங்காது. "இன்னைக்கு ரொம்ப கஷ்டமா இருக்கா?" என்று கேளுங்கள். அவர்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றில்லாமல், வீட்டுக்கே ஒரே மாதிரி காய்கறி கூடுதலாகச் சமைக்கலாம். மாலை நடைக்குக் கூடவே போகலாம்.

எங்கே உதவி கிடைக்கும்?

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும் அணுகலாம். "வாழவே பிடிக்கலை" என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே அழையுங்கள்.