கதிரை வரிசையும் கணக்குத் தாளும்

வழக்கமாக வரி, வட்டி என்று கதைக்கும் நான் இம்முறை கணினியின் பழைய கதையொன்றைச் சொல்லப் போகிறேன். கணக்காளன் ஒருவன் படம் வரையப் போய்ப் பட்ட பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு எடுத்த மண்டபத்தில் 400 கதிரைகள் போட வேண்டியிருந்தது. 200 பேருக்கு மேல் கூடும் மண்டபமென்றால் இங்கே ஜேர்மனியில் கதிரை ஒழுங்கைக் காட்டும் வரைபடம் தேவை. ஓர் இருக்கை குறைந்தது 50 சென்ரிமீற்றர் அகலம் இருக்க வேண்டும். வரிசைகளுக்கிடையில் 40 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். நடைபாதையின் ஒரு பக்கத்தில் 10 இருக்கைகளுக்கு மேல் கூடாது. நெருப்புப் பற்றினால் சனம் வெளியேறுவதற்கான விதிகள் இவை. செல்லடி நேரத்தில் ஒரே வாசலால் முண்டியடித்து ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கட்டடப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் மண்டபத்தை வரைந்து தர முன்வந்தார். அவரிடம் விலை கூடிய மென்பொருள் இருந்தது. ஆனால் அது மாணவருக்கான உரிமம், படிப்புக்கு மட்டும். ஆகவே இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருளான ஃபிரீகாட்டில் வரைந்தார். "அங்கிள், ஒவ்வொரு கதிரையும் எங்கை வரும் எண்டு கணக்குத் தாளிலை போட்டுத் தாங்கோ, நான் அப்பிடியே படத்துக்குள்ளை இறக்கிறன்" என்றார். நான் லிப்ரே ஒஃபீசில் முதல் நிரலில் சுவரிலிருந்து தூரம், அடுத்த நிரலில் மேடையிலிருந்து தூரம் என 400 நிரைகளை நிரப்பி, இரண்டு எண்களையும் காற்புள்ளியால் ஒட்டி அனுப்பினேன். சூத்திரத்தை எழுதி இழுத்துவிட்டால் அரை மணித்தியால வேலை.

படம் வந்தது. பாதிக் கதிரைகள் சரியாக இருந்தன. மீதிப் பாதி, ஐந்தாவது மீற்றரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவர் போல அந்தரத்தில் நின்றன!

பிழை என்னுடையதுதான். என் கணினி ஜேர்மன் முறையில் 0.5 என்பதை 0,5 என்று எழுதும். தம்பியின் சிறிய நிரலுக்கோ காற்புள்ளி என்றால் ஓர் எண் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். அரை மீற்றர், மூன்று மீற்றர் என நான் அனுப்பிய "0,5,3" என்பதை அது பூச்சியம், ஐந்து, உயரம் மூன்று என்று வாசித்துவிட்டது. முழு மீற்றரில் வந்த கதிரைகள் மட்டும் தப்பின. ஊரில் புள்ளி வைத்துத் தசமம் படித்தவன் நான். முப்பது வருடத்துக்கு மேலாகக் காற்புள்ளி வைத்துப் பழகியதில் அது கண்ணில் படவேயில்லை. கணக்குத் தாளை ஆங்கில முறைக்கு மாற்றியதும் கதிரைகள் எல்லாம் தரைக்கு இறங்கின. வரைபடமும் அனுமதி பெற்றது.

கணக்குத் தாளும் வரைபடமும் இப்படி ஒன்றோடொன்று பேச முடிவது எப்படி என்று பிறகு தேடி வாசித்தேன். இரண்டில் மூத்தது வரைபடம். 1963இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லன்ட் என்ற ஆய்வு மாணவர் ஸ்கெச்பாட் என்னும் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைந்து, இந்த இரண்டும் சமாந்தரமாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், ஒன்றை அசைத்ததும் மற்றதும் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதே மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஹாவர்ட் வணிகக் கல்லூரி மாணவர் டான் பிறிக்லின், கரும்பலகையில் ஓர் எண் மாறினால் முழுவதையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டு ஒரு யோசனை செய்தார். அவரும் பொப் பிராங்ஸ்ரனும் சேர்ந்து 1979இல் வெளியிட்டதுதான் விசிகல்க், 63 நிரல்களும் 254 நிரைகளும் கொண்ட கணக்குத் தாள். ஒன்றை மாற்றினால் மற்றவை தாமே மாறும் என்பதே இரண்டுக்கும் உயிர். கோட்டுக்குச் செய்ததை எண்ணுக்குச் செய்தார்கள், அவ்வளவுதான்.

பிறிக்லின் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்து விசிகல்க்கின் சந்தையைப் பிடித்துக்கொண்டது. வரைபடத் துறையில் 1982இல் ஓட்டோகாட் வந்தது. அதன் சொந்தக் கோவை அமைப்பின் உட்கட்டை அந்நிறுவனம் வெளியிடவில்லை. ஆனால் பரிமாற்றத்துக்கென்று டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு அமைப்பையும் கூடவே தந்தது. அது வெறும் எழுத்துக் கோவை. கோடு ஒன்றை விவரிக்கும் இடத்தில் 10 என்ற எண்ணுக்குக் கீழே இருப்பது கிடைத்தூரம், 20க்குக் கீழே இருப்பது நிலைத்தூரம். பேரேடு வாசிக்கத் தெரிந்தவனுக்கு அதுவும் வாசிக்க முடியும்.

கணக்குத் தாளுக்கு அப்படியொரு கதவு திறந்தது இங்கே ஜேர்மனியிலிருந்து. லூனபேர்க் நகரில் மார்க்கோ பேரிஸ் என்ற 16 வயதுப் பெடியன் 1985இல் தொடங்கிய நிறுவனத்தில்தான் ஸ்டார் ஒஃபீஸ் வளர்ந்தது. அதை 1999இல் சன் நிறுவனம் வாங்கியது. தம்மிடம் வேலை செய்த ஏறக்குறைய 42,000 பேருக்கும் மைக்ரோசொஃப்ட் உரிமம் வாங்குவதைவிட ஒரு நிறுவனத்தையே வாங்குவது மலிவாக இருந்தது என்று சன் அலுவலர் ஒருவர் பின்னர் சொன்னார். கணக்காளனாக எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 2000 ஒக்ரோபரில் அதன் மூலநிரல் பொதுவில் விடப்பட்டு ஓப்பின் ஒஃபீஸ் ஆனது. 2010இல் அதிலிருந்து லிப்ரே ஒஃபீஸ் பிரிந்தது. அதன் கோவை அமைப்பு 2006இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் மாநிலம் தன் 30,000 அரச கணினிகளை லிப்ரே ஒஃபீசுக்கு மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தது. தம்பி பயன்படுத்திய ஃபிரீகாட்டையும் யூர்கன் றீகல் என்ற ஜேர்மானியரே தொடங்கினார். 2002இல் முதலில் வெளிவந்த அது 1.0 என்ற எண்ணைத் தொட 2024 வரை எடுத்தது! அதற்குள்ளேயே ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. கட்டத்தில் அளவை மாற்றினால் படம் மாறும்.

எல்லாம் இலவசத்தில் நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. கட்டடக் கலைஞர்கள் இன்னும் ஓட்டோகாட் கோவையைத்தான் கேட்பார்கள். எனது கவலை பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. கடந்த வருடம் எங்கள் சங்கத்தின் பழைய பெட்டியில் 1992ஆம் ஆண்டு என்று எழுதிய நெகிழ்வட்டு ஒன்று அகப்பட்டது. உள்ளே லோட்டஸ் கோவை. லோட்டஸ் 1-2-3இன் விற்பனை 2013இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. லிப்ரே ஒஃபீசில் திறந்து பார்த்தேன், திறந்தது. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர் செலவுக்குச் சங்கம் கொடுத்த கைமாற்றுகள், பெயர் பெயராக. ஊரிலிருந்து ஒரு துண்டுப் பத்திரமும் கொண்டுவராத எங்களுக்கு இங்கே எழுதப்பட்ட முதல் கணக்கு அது.

என் பெயருக்கு நேரே 200 மார்க் பற்று, 120 வரவு, மீதி 80. இன்றைய பணத்தில் 40 யூரோ 90 சதம். சென்ற மாதம் பொருளாளரிடம் கட்டினேன். பற்றுச்சீட்டில் 40,90 என்று காற்புள்ளி வைத்தே எழுதித் தந்தார்.