சாலமன் நார்த்தப்பின் தெப்பங்கள்: அமெரிக்கத் தொழில்வளர்ச்சியின் இரு கணக்குகள்

அமெரிக்கப் பொருளியல் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவோர் இரண்டு அமெரிக்காக்களை நம்முன் நிறுத்துவது வழக்கம். வடக்கே ஆலை, கால்வாய், இருப்புப்பாதை, கூலி உழைப்பு. தெற்கே பருத்திக்காடு, அடிமை, கசை. முன்னது வருங்காலம், பின்னது பழங்காலத்தின் எச்சம். இரண்டும் மோதின, வருங்காலம் வென்றது என்று கதை முடியும். நினைவில் கொள்ள எளிதான இச்சித்திரத்தில் ஒரு பெரும் பிழை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தெற்கின் அடிமைமுறை தேய்ந்துகொண்டிருக்கவில்லை, வளர்ந்துகொண்டிருந்தது. அதனை வளர்த்தவற்றுள் ஆலைகளும் புதிய போக்குவரத்தும் முதன்மையானவை. இதனை ஒரு மனிதரின் வாழ்வின் வழியே காட்ட முயல்வதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் போக்குவரத்து. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டில் தானியம் விளைவிப்பதைவிட அதனைச் சந்தைக்குக் கொண்டுசேர்ப்பதே கடினமாக இருந்தது. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே வாழ்ந்த உழவர்கள் தம் தானியத்தை விஸ்கியாகக் காய்ச்சியதற்கு ஒரு காரணம் இதுவே: மூட்டை மூட்டையாகத் தானியம் சுமந்து மலை கடக்க முடியாது, பீப்பாய் சுமந்து கடக்கலாம். இந்நிலையை மாற்றியது ஈரி கால்வாய். நியூயார்க் மாநில ஆளுநர் டிவிட் கிளின்டனின் முயற்சியால் 1817 ஜூலை 4 அன்று தோண்டத் தொடங்கிய அக்கால்வாய் 1825 அக்டோபரில் நிறைவுற்றது. நீளம் 363 மைல். அகலம் 40 அடி. ஆழம் வெறும் 4 அடி. நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் படகைக் கடத்தும் மதகுகள் 83. 'கிளின்டனின் பள்ளம்' என்று எள்ளி நகையாடப்பட்ட அக்கால்வாய், பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கை அனுப்பச் சுமார் 100 டாலர் ஆன செலவை 10 டாலருக்கும் கீழே இறக்கியது. கட்டுமானத்துக்கு வாங்கிய கடன் சுங்க வருவாயிலிருந்தே அடைபட்டது.

இக்கால்வாய்க் காலத்தின் மனிதர்களுள் ஒருவர் சாலமன் நார்த்தப். நியூயார்க் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். அவருடைய தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். சாலமன் பிறவியிலேயே சுதந்திரர். ஈரி கால்வாயின் உடன்பிறப்பு எனத்தக்க சேம்ப்ளைன் கால்வாயின் பழுதுபார்க்கும் பணியில் அவர் கூலிக்கு உழைத்தார். சேர்த்த பணத்தில் குதிரைகள் வாங்கினார். பின்னர் சேம்ப்ளைன் ஏரியிலிருந்து டிராய் நகருக்கு மரங்களைத் தெப்பங்களாகக் கட்டி நீர்வழியே கொண்டுசெல்லும் ஒப்பந்தங்களை எடுத்துத் தாமே ஆட்களை வேலைக்கமர்த்தினார். தெப்பம் கட்டவும் குறுகிய நீர்வழியில் அதனைச் செலுத்தவும் அங்குதான் கற்றுக்கொண்டார். புதிய போக்குவரத்து ஓர் எளிய மனிதரைச் சிறு தொழில்முனைவராக உயர்த்திய கதை இது. இத்துடன் நின்றிருந்தால் பாடநூல்களுக்கு மிகவும் உகந்த கதையாகவும் இருந்திருக்கும்.

இனி ஆலை. இங்கிலாந்து தன் நூற்பு எந்திரங்களையும் அவற்றை அறிந்த தொழிலாளரையும் வெளியேற விடாமல் சட்டத்தால் தடுத்திருந்தது. அதனை மீறி 1789இல் வந்துசேர்ந்த சாமுவேல் ஸ்லேட்டர், ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் எந்திரங்களை நினைவிலிருந்தே உருவாக்கினார். 1813இல் பிரான்சிஸ் கேபட் லோவலும் கூட்டாளிகளும் மாசச்சூசெட்ஸின் வால்தமில் தொடங்கிய நிறுவனம், பஞ்சு நுழைந்து துணியாய் வெளிவரும்வரை எல்லா வேலைகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. லோவலின் மறைவுக்குப்பின் அவர் பெயராலேயே மெரிமாக் ஆற்றங்கரையில் ஓர் ஆலைநகரம் எழுந்தது. சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அங்கு விடுதிகளில் தங்கி, மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உறங்கினர். 1834இலும் 1836இலும் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1840களில் பத்துமணி நேர வேலைநாள் கோரி மனுக்கள் அளித்தனர்.

அந்தத் தறிகளுக்குப் பஞ்சு தெற்கிலிருந்து வந்தது. 1793இல் ஈலை விட்னி உருவாக்கிய 'ஜின்' எந்திரம் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் வேலையைப் பன்மடங்கு விரைவாக்கியது. பறிக்கும் வேலையோ கையால்தான் நடந்தது. ஆகவே ஓரிடத்தில் உழைப்பை மிச்சப்படுத்திய எந்திரம் மற்றோரிடத்தில் உழைப்பின் தேவையைப் பெருக்கிற்று. 1790இல் சில ஆயிரம் பொதியாக இருந்த பருத்தி விளைச்சல் 1860இல் ஏறத்தாழ 40 லட்சம் பொதியை எட்டியது. அதே காலத்தில் அடிமைகளின் எண்ணிக்கை சுமார் 7 லட்சத்திலிருந்து 39 லட்சத்துக்கும் மேலாக உயர்ந்தது. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வது தடைசெய்யப்பட்ட பின், வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் பருத்தி நிலங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். பலர் விலங்கிடப்பட்டு நடத்திச் செல்லப்பட்டனர். பலர் கப்பலில் சென்றனர். 1807இல் ராபர்ட் ஃபுல்டன் ஹட்சன் ஆற்றில் ஓட்டிக்காட்டிய நீராவிக் கப்பல், சில ஆண்டுகளிலேயே மிசிசிப்பிக்கு வந்தது. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும் அதன் ஆற்றல், உள்நாட்டு நிலங்களையெல்லாம் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தோடு பிணைத்தது. அங்கிருந்து பருத்தியின் பெரும்பங்கு லிவர்பூலுக்கும், ஒரு பங்கு நியூ இங்கிலாந்து ஆலைகளுக்கும் சென்றது.

1841இல் நார்த்தப்பின் வாழ்க்கை இந்த வலைக்குள் விழுந்தது. வயலின் வாசிக்க வேலை தருவதாகச் சொல்லி இருவர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்றனர். அங்கு அவர் அடிமை வணிகரின் கொட்டடியில் அடைக்கப்பட்டார். நாட்டின் நாடாளுமன்றக் கட்டடம் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தது. ரிச்மண்டிலிருந்து கடல்வழியே நியூ ஆர்லியன்ஸ், அங்கு விற்பனை, பின்னர் நீராவிக் கப்பலில் ரெட் ஆற்றின் வழியே அலெக்சாண்ட்ரியா, அங்கிருந்து ஒரு சிறு இருப்புப்பாதையில் ரயில் என்று அவருடைய பயணம் அமைந்தது. முன்னேற்றத்தின் சின்னங்களாக நாம் அடுக்கும் ஊர்திகள் யாவும் அவரை அடிமைநிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அவரை வாங்கிய வில்லியம் ஃபோர்டு மர அறுவைத் தொழில் நடத்திவந்தார். அறுத்த மரத்தைத் தரைவழியே அனுப்புவது செலவு மிகுந்ததாக இருந்தது. குறுகலான ஓர் ஓடையின் வழியே தெப்பமாகக் கொண்டுபோகலாம் என்று நார்த்தப் யோசனை கூறினார். உடனிருந்தோர் நம்பவில்லை. சேம்ப்ளைன் கால்வாயில் கற்றதை வைத்து அவர் தெப்பங்களைக் கட்டிச் செலுத்திக் காட்டினார். செலவு வெகுவாகக் குறைந்தது.

என் பார்வையில், அந்தக் காலத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஓடையில் அடங்கியிருக்கிறது. மனிதர் அவரே, கைத்திறனும் அதே. வடக்கில் மிச்சமான போக்குவரத்துச் செலவில் ஒரு பங்கு அவருடைய பைக்கு வந்தது; தெற்கில் அது முழுவதும் உடைமையாளரின் கணக்கில் ஏறியது. அவருக்குக் கிடைத்தது பாராட்டு மட்டுமே. பின்னர் அவர் எட்வின் எப்ஸ் என்பவரின் பருத்திக்காட்டுக்குக் கைமாறினார். அங்கு நாள்தோறும் மாலையில் ஒவ்வொருவர் பறித்த பருத்தியும் நிறுக்கப்பட்டது; எடை குறைந்தால் கசையடி விழுந்தது. ஆலையின் மணிக்கு இணையான கண்டிப்பு அங்கே தராசில் இருந்தது.

மொழியியல் படித்தவன் என்பதால் இரண்டு சொல்வழக்குகளைச் சுட்ட விரும்புகிறேன். கோழிக்கோட்டின் பெயர் ஆங்கிலத்தில் 'காலிகோ' என்னும் துணிப்பெயராயிற்று. அதேபோல், ஆலைநகரமான லோவலின் பெயர் தெற்கில் அடிமைகள் உடுத்த முரட்டுத் துணியின் பெயராயிற்று. அவர்கள் பறித்த பஞ்சு வடக்கே போய், அவர்களுடைய உடையாகவே திரும்பி வந்தது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. மற்றொன்று, 'ஆற்றின் கீழே விற்றுவிட்டான்' என்னும் ஆங்கில மரபுத்தொடர். இன்று நம்பிக்கைத் துரோகத்தைக் குறிக்கும் இத்தொடரின் ஆறு கற்பனையன்று. ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே தெற்கே விற்கப்பட்டோரின் அச்சம் அதில் உறைந்திருக்கிறது.

இப்பிணைப்பை அக்காலத்தோர் அறியாமலில்லை. சிறுவயதிலேயே லோவல் ஆலையில் வேலைசெய்த கவிஞர் லூசி லார்கம், தறியில் நிற்கும் வடக்குப் பெண் தெற்கில் பருத்தி பறிக்கும் பெண்ணை எண்ணிக் கலங்குவதாக ஒரு கவிதை எழுதினார்.

போக்குவரத்து விடுதலைக்கும் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. 1838இல் பிரடெரிக் டக்ளஸ் மாலுமி உடையில் பால்டிமோரில் ரயிலேறித்தான் தப்பினார். 1860இல் அமெரிக்க இருப்புப்பாதைகள் சுமார் 30,000 மைலை எட்டியபோது அவற்றின் பெரும்பகுதி வடக்கிலும் மேற்கிலும் இருந்தது. மேற்கின் தானியம் கிழக்கு நோக்கித் திரும்பியிருந்தது. உள்நாட்டுப் போரில் அது வடக்குக்கு வலுவூட்டியது. ஆனால் அடிமைமுறையை முடித்தவை போரும் சட்டத்திருத்தமும், தப்பியோடியும் படையில் சேர்ந்தும் போராடிய கறுப்பின மக்களும்தாம்.

நார்த்தப்பின் மீட்பும் அப்படித்தான் நிகழ்ந்தது. கனடாவிலிருந்து வந்த தச்சர் சாமுவேல் பாஸ் 1852இல் அவருக்காகக் கடிதங்களை அஞ்சலில் சேர்த்தார். கடத்தப்பட்ட குடிமக்களை மீட்க நியூயார்க் மாநிலம் 1840இல் இயற்றிய சட்டம் துணைநின்றது. 1853 ஜனவரியில் அவர் விடுதலையானார். அவ்வாண்டே தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். தம்மை விற்ற வணிகர்மீது வாஷிங்டனில் தொடுத்த வழக்கிலோ, கறுப்பினத்தவர் என்பதால் அவரது சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வணிகர் தண்டனையின்றித் தப்பினார்.

கால்வாய் வெட்டினால் வணிகம் பெருகும், ஆலை எழுந்தால் செல்வம் சேரும் என்பதற்கு ஆரம்பகால அமெரிக்கா நல்ல சான்று. அவை வந்தால் விடுதலையும் தானாக வரும் என்பதற்கு அது சான்றாகாது. தொழில்வளர்ச்சியின் வரலாற்றைப் படிக்கும்போது சரக்கின் செலவு எவ்வளவு குறைந்தது என்று கேட்கிறோம். குறைந்த செலவு எவருடைய கணக்கில் வரவாயிற்று என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் நார்த்தப்பின் இரண்டு தெப்பங்களுக்கும் இடையிலான வேறுபாடு நமக்குத் தெரியவரும்.